ஷெப்பீல்டு நகரில் ஆறு சக்கரங்கள்

இலண்டன் செயிண்ட் பாங்கராஸ் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட இரயில் பயணம் செய்தால் ஷெப்பீல்டு வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வருவோரை முதலில் வரவேற்பது எஃகுதான். துருப்பிடிக்காத எஃகினால் அமைத்த நீண்ட வளைசுவர் ஒன்று, அதன்மேல் ஓயாது வழிந்திறங்கும் நீர், காலை வெயிலில் பளபளக்கும் அதன் முகம்; இவ்வூர் எதனால் வாழ்ந்தது என்பதை வேறு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உரோமையைப் போல் ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகர் என்று ஷெப்பீல்டைச் சொல்வதுண்டு. எங்கள் முழங்கால்கள் போட்ட கணக்கில் குன்றுகள் ஏழுக்கும் அதிகமே.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கே மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். எங்கள் அண்ணன் மகள் இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணி புரிகிறாள். நாங்கள் வந்த மறுநாளே, "சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் உங்களைக் காண விரும்புகிறார். சித்தியையும் அழைத்து வரச் சொன்னார்" என்றாள். எழுபத்தொன்பது வயதான அப்பெரியவர், நாற்பது ஆண்டுகள் எஃகு ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். அவருடைய வீட்டின் பின்புறத்தில், நம் ஊரில் விறகு அடுக்கும் கொட்டகை அளவே உள்ள ஓர் அறையில், நீராவி இரயில் எஞ்சின் ஒன்று பாதி உருவாகி நின்றது.

விளையாட்டுப் பொம்மை என்று எண்ணிவிடக் கூடாது. தண்டவாளங்களின் இடைவெளி ஐந்து அங்குலம். எஞ்சினின் நீளம் ஏறத்தாழ ஒரு கட்டிலின் நீளத்தில் பாதி. கரியிட்டு நீராவி ஏற்றினால், பத்துப் பன்னிரண்டு சிறுவர்களைத் தாழ்வான பெட்டிகளில் அமர்த்தி உண்மையாகவே இழுத்துச் செல்லும். இத்தகைய எஞ்சின்களைத் தம் கையாலேயே செய்வது இங்கிலாந்தில் ஒரு பழைய கலை. இதற்கென 1898இல் தொடங்கிய ஆங்கில இதழ் ஒன்றுகூட உண்டு. நகரின் தென்மேற்கே எக்ளசால் காட்டில் மரங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் சிறு இரயில் பாதை இருக்கிறது. எஞ்சின் செய்வோர் சங்கத்தினர் கோடைகால ஞாயிறுகள் சிலவற்றில் அங்கே ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அண்ணன் மகளின் ஆறு வயது மகனுக்கு அந்த ஞாயிறுகள் யாவும் மனப்பாடம். பெரியவரின் எஞ்சினில் முதல் ஆளாக ஏறுவது தானே என்று அவன் எப்போதோ உறுதி வாங்கியிருந்தான்.

ஆனால் எஞ்சினுக்குச் சக்கரம் இல்லை. இருந்த ஆறு சக்கரங்களும் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. வார்ப்பிரும்பில் ஆரக்கால்களோடு வார்த்து விற்கப்படுபவை அவை. வாங்கியவர் லேத்தில் ஏற்றிக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நான்காவது சக்கரத்தைக் கடைந்தபோது, தண்டவாளத்தின் உட்புறம் இறங்கி நின்று வண்டியைத் தடம் மாறாமல் காக்கும் விளிம்பின் அடியில், பட்டாணி அளவில் ஒரு பொத்தல் வெளிப்பட்டதாம். வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றின் வேலை அது. பெரியவர் எங்கள் விரலைப் பிடித்து அதில் வைத்துக் காட்டினார். வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் அந்த விளிம்பின்மேல்தான் சாய்கிறது. அது உடைந்தால் எஞ்சின் தடம் புரளும். பின்னால் வருவது பிள்ளைகள் அமர்ந்த பெட்டி.

ஒரு சக்கரத்தை மட்டும் புதிதாக வார்க்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். "ஒன்றில் கண்டபின் மற்ற ஐந்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எப்படி அறிவேன்?" என்றார். வார்ப்பிரும்பை அவர் குறை கூறவில்லை. அதன் உடலில் இயற்கையாகவே கலந்திருக்கும் பென்சில் கரி போன்ற பொருள் நன்றாகத் தேய்மானம் தாங்கும் என்றும், பெரும்பாலோர் வார்ப்பிரும்புச் சக்கரங்களையே பொருத்திப் பல்லாண்டு ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னார். இருப்பினும் அவர் முடிவு செய்துவிட்டார்: ஆறு சக்கரங்களின் வெளிவட்டத்தையும் கடைந்து நீக்கிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் எஃகு வளையம் ஏற்றுவது. பெரிய நீராவி எஞ்சின்களின் சக்கரங்களும் அவ்வாறு அமைந்தவையே. நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு வரட்டி அடுக்கித் தீ மூட்டி, இரும்புப் பட்டையைச் சூடேற்றி, மரச் சக்கரத்தின்மேல் இறக்கி, நீர் ஊற்றி இறுக்குகிறாரே கொல்லர், அதே வித்தைதான். இதைச் சொன்னதும் பெரியவருக்கு அளவற்ற மகிழ்ச்சி; வரட்டி என்றால் என்னவென்று விளக்குவதற்குத்தான் சற்று நேரம் பிடித்தது.

எந்த எஃகு, அதை எங்கே வாங்குவது என்பதே அடுத்த கேள்வி. கடைக்குப் போகுமுன் எங்களுக்கு எஃகு என்றால் என்ன என்று காட்ட வேண்டும் என்றார் அவர். இரண்டு நாட்கள் அதிலேயே கழிந்தன.

முதலில் சென்றது ஆபிடேல் என்னும் இடம். ஷீஃப் என்ற சிற்றாற்றின் கரையில், நீர்ச் சக்கரங்களால் சம்மட்டிகளை இயக்கி அரிவாள் செய்துவந்த பழைய தொழிற்கூடம் அது. 1933இல் வேலை நின்றது. 1970 முதல் காட்சியகமாக விளங்குகிறது. இங்கே மூசை எஃகு உருக்கிய உலை ஒன்று முழுமையாக நிற்கிறது. கடிகாரம் செய்பவரான பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், தம் கடிகாரங்களுக்கு நல்ல சுருள்வில் கிட்டாமல் மனம் சலித்து, 1740களில் இம்முறையைக் கண்டார். களிமண் மூசையில் எஃகுத் துண்டுகளை இட்டு, கல்கரித் தீயில் முற்றிலும் திரவமாகும்வரை உருக்கி வார்ப்பது அம்முறை. மூசைக்கான களிமண்ணை ஓர் ஆள் வெறுங்காலால் மணிக்கணக்காக மிதிப்பானாம். சிறு கல் ஒன்று தங்கினாலும் தீயில் மூசை வெடித்துவிடும். அதை உணர்வதற்குக் காலைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை. உலையிலிருந்து மூசையைத் தூக்குகிறவர்கள் நனைத்த சாக்கை உடலில் சுற்றிக்கொள்வார்கள். ஒரு மூசையில் ஏறத்தாழ 25 கிலோ எஃகு. அந்தக் குழிகளின் ஓரத்தில் நின்றபோது, தீ இல்லாத உலையாயினும் ஓர் அடி பின்வாங்கவே எங்களுக்குத் தோன்றியது.

மூசையில் எஃகு உருக்குவது நமக்குப் புதிதன்று. ஹண்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சேலம் பகுதியிலும் தென்னிந்தியாவின் வேறு இடங்களிலும் நம் கொல்லர்கள் மூடிய மண்மூசையில் எஃகு செய்தார்கள். உருக்கு என்ற நம் சொல்லே அதை நினைவூட்டுகிறது. அந்த எஃகின் தன்மையை 1795இல் இலண்டன் ராயல் சங்கத்தில் ஆராய்ந்து கட்டுரை படித்தார்கள். மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானியும் பின்னர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இம்முறையை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார்: இரும்புத் துண்டுகளோடு ஆவாரங் குச்சிகளை நறுக்கி இட்டு, மேலே எருக்கிலை மூடி, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பார்களாம். ஆவாரையும் எருக்கும்! நம் வீட்டு வேலியோரத்துச் செடிகளின் பெயரை யார்க்‌ஷயர் உலைக்குழியின் ஓரத்தில் நின்று சொல்லிப் பார்த்தபோது எங்களுக்கே வியப்பாயிருந்தது.

இந்த ஹீத்தின் கதையைப் பெரியவர் பாதி அறிந்திருந்தார். மறுபாதி எங்களிடம் இருந்தது. சென்னை மாகாணத்தில் கும்பினி உத்தியோகத்தில் இருந்த ஹீத், அதை விட்டு விலகி, 1830ஆம் ஆண்டையொட்டிக் கடலூரை அடுத்த பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். ஆலை நிலைக்கவில்லை, அவருடைய செல்வம் கரைந்தது. பின்பு இங்கிலாந்து திரும்பி, 1839இல் ஒரு காப்புரிமை பெற்றார். மூசையில் உருகும் எஃகோடு மாங்கனீசு சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தால், எஃகு நல்ல தன்மை பெறுகிறது, பற்றவைத்தாலும் பிரியாது என்பது அவர் கண்ட உண்மை. விலை உயர்ந்த சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்த ஷெப்பீல்டுக்கு, மலிவான உள்நாட்டு இரும்பிலும் நல்ல எஃகு செய்ய வழி பிறந்தது. நகரம் செழித்தது, ஹீத் செழிக்கவில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் இட்டால் அது ஹீத்தின் முறை ஆகாது என்று வாதிட்டுப் பிறர் உரிமைப்பணம் தர மறுத்தனர். முன்னே நின்றவர் அவருடைய முகவராக இருந்தவரே. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1855இல் பிரபுக்கள் சபையில் ஹீத்துக்கு எதிராக முடிந்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

இன்று உலகில் விற்கப்படும் எஃகுத் தண்டு எதை எடுத்தாலும் அதில் மாங்கனீசு இருக்கும். பரங்கிப்பேட்டையில் நட்டப்பட்ட மனிதருக்கு எங்கும் ஒரு சிலையைக்கூட நாங்கள் காணவில்லை.

மறுநாள் கெலம் தீவுக் காட்சியகம். டான் ஆற்றிலிருந்து ஆலைக்கு வெட்டிய கால்வாயால் உண்டான தீவு இது. வாயிலில் முட்டை வடிவில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கிறது பெசமர் கலம். உருகிய இரும்பினுள் காற்றைச் செலுத்திக் கரியை எரித்து, அரை மணி நேரத்துக்குள் டன் கணக்கில் எஃகாக்கும் முறையை ஹென்றி பெசமர் 1856இல் அறிவித்து, 1858இல் இவ்வூரிலேயே ஆலை தொடங்கினார். இங்கே நிற்கும் கலம் வொர்க்கிங்டன் நகரிலிருந்து வந்தது. 1970களின் நடுப்பகுதிவரை தண்டவாளத்துக்கான எஃகைத் தந்தது. இரயில் பாதைக்கு எஃகு எவ்வளவு செய்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டார்பி நிலையத்தில் போக்குவரத்து மிகுந்த ஓரிடத்தில் இரும்புத் தண்டவாளங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. 1857இல் அங்கே எஃகுத் தண்டவாளம் ஒன்றை இட்டுப் பார்த்தார்கள். அதை எடுத்தது 1873இல்.

அதே காட்சியகத்தில் 1905இல் செய்த 12,000 குதிரைசக்தி நீராவி எந்திரம் ஒன்று ஓடியதையும் கண்டோம். போர்க்கப்பல்களின் கவசத் தகடுகளை உருட்டப் பயன்பட்ட அது, வீடளவு பெரியது. ஆயினும் இரண்டே விநாடியில் முன்னோட்டத்தை நிறுத்திப் பின்னோட்டம் எடுக்கிறது. அண்ணன் மகளின் மகன் காதைப் பொத்திக்கொண்டான். பெரியவர் மட்டும் கோவிலில் நிற்பவரைப் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இனி வாங்கும் படலம். பெரியவரின் நண்பர் ஒருவர் பழைய எந்திரத்தின் தண்டு ஒன்றை இலவசமாகத் தர முன்வந்திருந்தார். அளவும் போதும். பெரியவர் அதன் முனையைச் சாணைக்கல்லில் வைத்தார். பொறிகளைப் பார்த்தே எஃகின் இனத்தை ஓரளவு சொல்லிவிடலாம். கரி குறைந்த எஃகு நீண்ட மஞ்சள் கோடுகளாகச் சிதறும். கரி கூடக் கூடக் கோட்டின் முனையில் மத்தாப்புப் பூக்கள் அதிகமாகும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாய், மங்கிய சிவப்பாய் இருக்கும். அந்தத் தண்டின் பொறியில் பூக்கள் நிறையவே இருந்தன. நல்ல எஃகு என்றே தோன்றியது. "நல்லதுதான். ஆனால் எத்தனை ஆண்டு சுழன்றது, உள்ளே எங்கே கீறல் விட்டிருக்கிறது என்பதைப் பொறி சொல்லாது. என் கதவுக்குக் கீல் செய்ய இதை வைத்துக்கொள்கிறேன்" என்றார். இலவசமாய்க் கிடைத்ததை மறுத்து விலைக்கு வாங்கும் மனிதரை நாங்கள் அடிக்கடி காண்பதில்லை.

அட்டர்கிளிப் பகுதியில் எஃகுக் கிடங்கு ஒன்றுக்குப் பேருந்தில் சென்றோம். தண்டுகள் அடுக்கடுக்காய்க் கிடக்க, ஒவ்வொன்றின் முனையிலும் வர்ணம் தீட்டியிருந்தது. எந்த எஃகு என்பதற்கு அதுவே அடையாளம். வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு பெட்டியில் தனியே இருந்தன. எஃகு வகைகளுக்கு இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் வகுத்த ஈ.என். எண்கள் இன்றும் பட்டறைகளில் வழங்குகின்றன. கோயம்புத்தூரில் நம் பட்டறைக்காரர் "ஈ.என். எட்டு" என்று கேட்பதும் இதைத்தான்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது ஈ.என். 1ஏ. வெண்ணெய் போல் வெட்டுப்படும். கடைந்த முகம் கண்ணாடியாய் மின்னும். அவ்வாறு வெட்டுப்படுவதற்காகவே அதில் கந்தகம் சேர்க்கிறார்கள். கந்தகம் மாங்கனீசோடு கூடி எஃகினுள் மெல்லிய இழைகளாக நிற்பதால் சுருள் எளிதாக முறிகிறது. முறிவதற்கு வழி செய்யும் அந்த இழைகள் ஒரு விளிம்பின் அடியில் இருப்பதைப் பெரியவர் விரும்பவில்லை. தேய்மானமும் விரைவில் வரும். அடுத்தது ஈ.என். 24. நிக்கல், குரோமியம் கலந்த வலுமிக்க எஃகு. விலையும் வெட்டும் உழைப்பும் அதிகம், இவ்வேலைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

துருப்பிடிக்காத எஃகு ஏன் ஆகாது என்று எங்களில் ஒருவர் கேட்டோம். 1913இல் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருவாக்கியது இதே ஊரில்தானே! பெரியவர் சிரித்தார். சமையலறைப் பாத்திரங்களில் காணும் நிக்கல் கலந்த வகை, சூடானால் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவடையும். பிரேக்குக் கட்டை உராய்ந்து சக்கரம் சூடேறினால், இறுக்கி ஏற்றிய வளையம் நெகிழ்ந்து தனியே சுழலத் தொடங்கிவிடும். கேட்டது நல்லதாயிற்று, வளையம் ஏற்றும் வித்தையின் உயிர்நிலை எங்கே என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

முடிவில் வாங்கியது ஈ.என். 8. நூற்றுக்கு 0.4 பங்கு கரி உள்ள எஃகு. மெதுவாகத் தேயும், எளிதில் முறியாது, சிறிய லேத்திலும் கடையலாம். 140 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தண்டில், 20 மில்லிமீட்டர் கனத்தில் ஆறு வட்டுகளை வாளால் அறுத்துத் தந்தார்கள். சூட்டில் உருட்டிய கறுத்த தண்டைத்தான் பெரியவர் கேட்டு வாங்கினார். பளபளப்பாக இழுத்த தண்டில் இறுக்கம் உள்ளே அடைபட்டிருக்கும்; ஒரு பக்கம் வெட்டியதும் மறுபக்கம் கோணிக்கொள்ளும் என்பது அவர் அனுபவம். வட்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 2.4 கிலோ. அதில் வளையமாக நிற்கப்போவது அரைக் கிலோவைச் சுற்றித்தான். தடித்த குழாயை வாங்கினால் இவ்வளவு வீணாகாதே என்றோம். குழாயும் பார்த்தார்; அதன் முனையில் வர்ணம் இல்லை, என்ன எஃகு என்பதற்குச் சீட்டும் இல்லை. வட்டின் நடுப்பகுதியைத் தூளாக்காமல் வட்டமாகவே வெட்டி எடுத்துச் சிலிண்டர் மூடிகளுக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பதினான்கு கிலோவையும் இரண்டு பைகளில் பகிர்ந்து சுமந்து, மீண்டும் அக்குன்றுகளில் ஒன்றின்மேல் ஏறினோம்.

முதல் வளையம் ஏறியதை நாங்கள் நேரில் பார்த்தோம். சக்கரத்தின் நடுப்பகுதியை 110 மில்லிமீட்டருக்குக் கடைந்து, வளையத்தின் உட்துளையை அதைவிட 0.1 மில்லிமீட்டர் மட்டும் குறைவாக வைத்திருந்தார். ஒரு தலைமயிரின் கனம் என்று சொல்லலாம். குளிர்ந்த நிலையில் ஒன்றினுள் ஒன்று புகாது. வளையத்தைச் சமையலறை அடுப்பறையில் வைத்து 250 டிகிரிக்குச் சூடேற்றினார். மனைவி இருந்த காலத்தில் இதற்கு அனுமதி கிடைத்ததில்லை என்றார். எஃகின் முகம் வைக்கோல் நிறத்துக்கு மாறியபோது, அது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. இடுக்கியால் எடுத்து, மேசைமேல் கிடத்திய சக்கரத்தின்மேல் நேராக விட்டார். 'டக்' என்ற ஓர் ஒலி, உட்கார்ந்துவிட்டது. நம் கொல்லரைப் போல் நீர் ஊற்றவில்லை. தானே ஆறட்டும் என்று விட்டுவிட்டார். அவசரமாகக் குளிர்வித்தால் வார்ப்பிரும்பு விரியலாம். கால் மணி கழித்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். தளர்ந்த வளையம் மங்கலாய் ஒலிக்கும். இது மணி போல் ஒலித்தது. பையனும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

இறுதிக் கடைசல் அதன் பிறகுதான். சக்கரத்தின் ஓடுமுகம் சற்றே சரிவாகவும், விளிம்பு தொடங்கும் மூலை கூராக இல்லாமல் உருண்டும் இருக்க வேண்டும். கூரான மூலையில்தான் கீறல் பிறக்கும் என்பதால் அந்த வளைவுக்கென்றே ஒரு வெட்டுளியைக் கையால் தீட்டி வைத்திருந்தார். பொத்தல் இருந்த அதே இடம் அது. உருப்பெருக்கிக் கண்ணாடியை எங்களிடம் தந்து சுற்றிலும் பார்க்கச் சொன்னார். தம் கண்களை இப்போது முழுமையாக நம்புவதில்லையாம். நாங்கள் மாறி மாறிப் பார்த்தோம். எங்கும் குறை தென்படவில்லை.

நாங்கள் ஊர் திரும்பும்போது மூன்று சக்கரங்கள் முடிந்திருந்தன. ஆகஸ்டு மாதக் கடைசியில் அண்ணன் மகளிடமிருந்து கடிதம் வந்தது. ஆறும் ஏறிவிட்டன, அச்சுகளில் பொருத்தியும் ஆயிற்று. கொதிகலனை நீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து சங்கத்தார் சான்று தரவேண்டியதுதான் பாக்கி. அதுவரை பெட்டியில் எவரையும் ஏற்றுவதில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டாராம். பையன் நாட்காட்டியில் ஞாயிறுகளை அடித்துக்கொண்டு வருகிறான்.